அக்குளில் ஒரு பலகை

"காணாமப் போனது உங்க அப்பாவா, இல்ல உங்க ஓட்டா? முதல்ல அதைச் சொல்லுங்க."

தெக்லா இப்படிக் கேட்டதும் எதிரே உட்கார்ந்திருந்த ஜீனோனின் முகம் சிவந்துபோனது. அடுத்த ஞாயிறு நிகோசியா நகரசபைத் தேர்தல். ஊரின் தென்பாதியில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் இவன் முகம்தான். பக்கத்திலேயே இவனுடைய அப்பா யக்கூமிஸின் முகம். கீழே கொட்டை எழுத்தில், 'என் அப்பா காட்டவில்லை. நானும் காட்டமாட்டேன்.'

"என்னத்தை?" என்று கேட்டுவிடாமல் இருக்க கராபெத் நாக்கைக் கடித்துக்கொண்டான். துப்பறியும் தெக்லாவின் ஒரே உதவியாளன் அவன். சம்பளம் குறைவு, வாய் நீளம். போஸ்டர் சொல்வது பாஸ்போர்ட்டைத்தான் என்பது அவனுக்கும் தெரியும். தெற்கே கிரேக்கர், வடக்கே துருக்கியர் என்று ஊரை இரண்டாக வெட்டி நடுவில் முள்கம்பி போட்டு எத்தனையோ வருஷமாயிற்று. பிறகு ஒருநாள் வாசலைத் திறந்துவிட்டார்கள். வடக்கே போகலாம், வரலாம். ஆனால் அந்தப் பக்கத்துப் போலீஸிடம் காகிதம் காட்டவேண்டும். "என் சொந்த ஊருக்குள்ள நடக்க எவனுக்கும் காகிதம் காட்டமாட்டேன்" என்று அன்றைக்கே சொன்னவர் யக்கூமிஸ். கிழவர் அதைக் கோபத்தில் சொன்னார். மகன் அதையே கட்சிக் கொள்கையாக்கிவிட்டான்.

"நேத்து சனிக்கிழமை காலையில வீட்டை விட்டுக் கிளம்பினவர். ராத்திரி வரலை. இன்னும் வரலை" என்றான் ஜீனோன்.

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னா அடுத்த நிமிஷம் டி.வி.ல வரும். இன்னிக்குச் சாயங்காலம் தடுப்புக்கிட்ட எங்க கூட்டம். மேடையில அவர் எம் பக்கத்துல நிக்கணும். அதுக்குள்ள கண்டுபிடிங்க."

"கண்டுபிடிச்சா?"

"மேடை முடிஞ்சதும் நேரா லார்னகாவுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். முதியோர் இல்லத்துல இடம் பேசி முடிச்சாச்சு. கடல் பாத்த ரூம். இப்படிச் சொல்லாம கொள்ளாம சுத்தறவரை வீட்டுல வெச்சுக்கிட்டு நான் எப்படி அரசியல் பண்றது?"

"பூட்டு கதவுக்கு உள்பக்கமா, வெளிப்பக்கமா?" என்றான் கராபெத்.

ஜீனோன் அவனை முறைத்தான். தெக்லா வறுத்த பூசணி விதை ஒன்றை வாயில் போட்டு, தோலை மட்டும் காகிதத்தில் துப்பினாள். யோசிக்கும்போது அவளுக்கு அது வேண்டும். முன்னே சுங்க இலாகாவில் இருந்தவள். மேலதிகாரியிடம் சண்டை போட்டு வெளியே வந்தவள். ஐம்பது வயதுக்கு முழங்கால் போயிருந்தது, கண் போகவில்லை.

"கடைசியா யார் பாத்தது?"

"எதிர்த்த பெட்டிக்கடைக்காரி. அப்பா தாவ்லிப் பலகையை, அதான் பகடை உருட்டி ஆடற மடக்குப் பலகையை, அக்குள்ள இடுக்கிக்கிட்டுத் தெருவுல போனாராம். எங்கன்னு கேட்டதுக்குச் சிரிச்சாராம். அவருக்குத் தாவ்லின்னா உயிர். ஜம்பமா பலகையைத் தூக்கிட்டு எங்கயோ ஆடப் போயிருக்கார்."

தெக்லாவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

"நீங்க தாவ்லி ஆடுவீங்களா?"

"எனக்கு ஏதுங்க நேரம்? காயை எப்படி வைக்கிறதுன்னுகூடத் தெரியாது."

"அதான் பாத்தேன்" என்றாள் தெக்லா.

ஜீனோன் போன பிறகு கராபெத் கார்ச் சாவியை எடுத்தான். "பாஸ், ஒண்ணு சொல்லட்டுமா? இந்த ஆளு நிகோசியாவுலதான் பொறந்தானா?"

"பொறந்தான். வளரத்தான் மறந்துட்டான். நீ சொல்லு, அந்தப் பலகையைப் பத்தி என்ன தெரிஞ்சுது?"

"ஆடப் போறவன் எவன் பலகையைத் தூக்கிட்டுப் போவான்? எந்தக் காபிக் கடையில பலகை இல்ல? அக்குள்ள பலகை வந்துச்சுன்னா தோத்துட்டான்னு அர்த்தம். ஜெயிச்சவன் மடக்கிப் பட்டுன்னு மூடி, தோத்தவன் அக்குள்ள சொருகி, 'போ, போய்க் கத்துக்கிட்டு வா'ம்பான். அதோட தெருவுல நடக்கணும். ஊரே பாக்கும். எனக்கே ரெண்டு தடவை நடந்திருக்கு. ரெண்டாவது தடவை அது என் வருங்கால மாமனார்."

"அப்புறம்?"

"அப்புறம் அவர் என் மாமனார் ஆகலை."

"டேய், பலகையோட கதையைக் கேட்டேன். உன் கதையை இல்ல."

"பலகையைத் தூக்கிட்டுப் போனவன் அடுத்த ஆட்டத்துக்கு அதைத் திருப்பிக் கொண்டுவந்தே ஆகணும். கொண்டுவராதவன் கூட அப்புறம் யாரும் உக்காரமாட்டான். கடனை அடைக்காதவனைக்கூட மன்னிப்பாங்க, பலகையைத் திருப்பாதவனை மன்னிக்கமாட்டாங்க."

"ஆக, கிழவர் நேத்து ஆட மட்டும் போகலை. திருப்பிக் கொடுக்கப் போயிருக்கார். அதுக்கு முன்னாடி யாரோ ஒருத்தன்கிட்ட தோத்திருக்கார்." தெக்லா எழுந்து முழங்காலை நீவிவிட்டுக்கொண்டாள். "அவர் இருக்கிற கைமாக்லிப் பேட்டையில யக்கூமிஸைத் தோக்கடிச்சவன் யாரு? வண்டியை எடு."

* * *

"யக்கூமிஸைத் தோக்கடிக்கிறதா?" காபிக் கடைக்காரன் பம்போஸ் ஈயப் பாத்திரத்தைச் சுடுமணலில் புதைத்துக் காபி காய்ச்சியபடியே சிரித்தான். "இந்தப் பேட்டையில அதுக்கு ஒருத்தனும் இன்னும் பொறக்கலை அக்கா. வெள்ளிக்கிழமை வரைக்கும் தினம் நாலு பேர் அக்குளை நிரப்பி அனுப்புறார்."

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமை வரமாட்டார். காலுக்குப் பிசியோதெரபி."

"எந்தக் கால்?"

பம்போஸ் யோசித்தான். "ஒரு வாரம் வலது, ஒரு வாரம் இடது. இப்பத்தான் எனக்கே உறைக்குது!"

"அவரை யாராவது, எப்பவாவது, ஜெயிச்சதுண்டா? பழைய கதையா இருந்தாலும் பரவாயில்ல."

பம்போஸின் சிரிப்பு அடங்கியது. பாத்திரத்தை மணலிலிருந்து எடுத்து வைத்தான். "எங்கப்பா சொல்லுவார். ஒருத்தன் இருந்தானாம். கெரினியா பஸ்ஸுல யக்கூமிஸ் டிரைவர், அவன் கண்டக்டர். ஃபெரிதுன்னு பேரு. பஸ்ஸு நிக்கிற இடத்துலல்லாம் பலகையை விரிச்சுடுவாங்களாம். பிரயாணிங்க சண்டைக்கு வந்தாக்கூட ஆட்டம் முடிஞ்சாத்தான் வண்டி நகரும்."

"இப்ப எங்க அவர்?"

"துருக்கிக்காரர் அக்கா. கலவரத்துல அந்தப் பக்கம் போனவர். அப்புறம் அவரைப் பத்தி இங்க யார் கேட்டா?"

தெரு முனையைப் பார்த்தான் கராபெத். அங்கே தெரு முடிந்து மணல் மூட்டையும் தகரப் பீப்பாயும் தொடங்கின. அதற்கு அப்பால் வடக்கு. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அவன் தாத்தாவின் வீடும் அங்கேதான் எங்கேயோ இருந்தது. ஆர்மீனியக் குடும்பம் ஒன்று ஒரு தையல் மெஷினோடு இரவோடு இரவாகக் கிளம்பிய கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் அவன். அதனால்தான் அவனுக்குத் துருக்கி மொழி வரும். அதனால்தான் இந்தத் தடுப்பைப் பார்த்தாலே வயிறு எரியும்.

"பாஸ், ஆனா ஒண்ணு இடிக்குதே. யக்கூமிஸ் அந்தப் பக்கம் போயிருந்தா காகிதம் காட்டியிருக்கணும். இத்தனை வருஷ வீம்பு என்ன ஆச்சு?"

"அதைத்தான் போய்ப் பாக்கப் போறோம். சாயங்காலத்துக்குள்ள திரும்பணும். அடையாள அட்டை இருக்கா?"

"இருக்கு. போட்டோவுலதான் நான் இல்ல. அப்ப முடி இருந்துச்சு."

* * *

பழைய லெட்ரா ஹோட்டல் இருக்கும் சாலைதான் நடந்து கடப்பதற்குச் சௌகரியம். தென்பக்கத்துக் காவல் கூண்டில் இருந்தவன் போகிறவர்களைக் கண்டுகொள்ளவில்லை. அதைத் தாண்டினால் இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டுச் சாலை. குண்டு துளைத்த வீடுகள், தூங்கி வழியும் ஐ.நா. சிப்பாய், புகைந்துபோன பால்கனிகள். நடுவில் தோட்டத்தோடு ஒரு காபிக் கடை. வட கூண்டு வரும்வரை அவ்வளவுதான்.

தெக்லா வழி முழுக்கப் போனில் கத்திக்கொண்டே நடந்தாள். மறுமுனையில் ஜீனோன். "இன்னும் கிடைக்கலை... மேடை கட்டினா கட்டுங்க... என்கிட்ட மைக் டெஸ்ட் பண்ணாதீங்க!"

கராபெத் வேடிக்கை பார்த்தபடி வந்தான். காபிக் கடைப் பெண் தட்டோடு தோட்டத்துக்குள் போனாள். எலுமிச்சை மரத்தடியில், சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வெள்ளைத் தலை. "இந்தாங்க மாமா, ஒண்ணு சர்க்கரை தூக்கலா, ஒண்ணு சர்க்கரை இல்லாம" என்று இரண்டு கோப்பைகளை வைத்துவிட்டுப் போனாள் அவள். எதிர் நாற்காலி காலி.

"பாஸ், அங்க பாருங்க, ஒரு தலை, ரெண்டு கோப்பை. பெருசு மசக்கையா இருக்காரு போல, ரெண்டு பேருக்குச் சேத்துக் குடிக்கிறார்."

"வாயை மூடிட்டு வா" என்றாள் தெக்லா, போனைக் கையால் மறைத்தபடி.

வட கூண்டின் சன்னலில் அட்டையை நீட்டியபோது அவள் முகம் கல்லாகிவிட்டது. உள்ளே இருந்த இளைஞன் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நல்லாப் பாத்துக்கோ தம்பி. நான் இந்த ஊர்ல பொறந்தப்ப உன் சன்னல் இல்ல" என்றாள். அவனுக்குக் கிரேக்கம் புரியவில்லை. கராபெத் அதைத் துருக்கியில், "அம்மா உங்களுக்கு வணக்கம் சொல்றாங்க" என்று மாற்றிச் சொன்னான்.

வடக்கே முதலில் கண்ணில்பட்ட முடிதிருத்தும் கடையில் கராபெத் விசாரித்தான். பழைய பஸ் கண்டக்டர், ஃபெரிதுன் என்று பெயர். நாற்காலியில் சோப்பு நுரையோடு இருந்தவரே பதில் சொல்லிவிட்டார். "விசில் ஃபெரிதுனா? சமன்பாச்சே பேட்டையில வெள்ளை வீடுங்க இருக்கே, அங்க எலுமிச்சை மரம் இருக்கிற வீடு. உன் பேச்சு எந்த ஊருப்பா? எங்க தாத்தா காலத்துத் துருக்கி மாதிரி இருக்கு."

"எங்க தாத்தா காலத்துதுதான். புதுசு வாங்க வசதி இல்ல" என்றான் கராபெத்.

* * *

கதவைத் திறந்தவள் ஃபெரிதுனின் மகள் உல்ஃபெத். கையில் மாவு, முகத்தில் சந்தேகம்.

"யக்கூமிஸா? அப்படி யாரையும் எங்கப்பாவுக்குத் தெரியாது. அவர் வீட்டை விட்டு வெளிய போறதே சனிக்கிழமைதான். அதுவும் பிசியோதெரபிக்கு."

கராபெத் சிரிப்பை அடக்கப் பார்த்தான். அது இருமலாக வந்தது.

"யாரது? உள்ள வாங்க!" உள்ளேயிருந்து ஒரு குரல் கிரேக்க மொழியில் சீறியது. மகள் திகைத்துப்போய் வழிவிட்டாள். அப்பாவுக்கு அந்த மொழி இவ்வளவு சரளமாக வரும் என்பது அவளுக்கே புதிது.

கட்டிலில் ஒல்லியான ஒரு கிழவர். வலது கால் முழங்கால்வரை மாவுக்கட்டு. கராபெத் அறை முழுக்கக் கண்ணை ஓட்டினான். யக்கூமிஸ் இல்லை. பலகையும் இல்லை.

"வியாழக்கிழமை மரத்துல ஏறினேன். என் காலுக்குத்தான் வயசாச்சு, எனக்கு ஆகலை" என்றார் ஃபெரிதுன். "அந்தக் கழுதை அனுப்பிச்சானா உங்களை? பலகை எங்க? போன வாரம் அவன் அக்குள்ள நான்தான் சொருகினேன். நேத்து அவன் கொண்டுவந்திருக்கணும்."

"எங்க கொண்டுவந்திருக்கணும் மாமா? இங்கயா?" என்றாள் தெக்லா.

"இங்கயா? அவன் இங்க வருவானா! உங்க போஸ்டர்ல பாக்கலியா? எவனுக்கும் காகிதம் காட்டமாட்டான்."

"அப்ப நீங்க அங்க போவீங்களா?"

"நானா?" கிழவர் கட்டிலில் நிமிர்ந்தார். "வாசலைத் திறந்த முதல் நாள் போனேன். உங்க பக்கத்துப் போலீஸ்காரன், என் பேரன் வயசு, பொறந்த ஊர் எதுன்னான். பாஃபோஸ்னேன். 'அங்க யாரைப் பாக்கப் போறே'ன்னான். என் ஊருக்குப் போக நான் ஏண்டா உனக்குக் காரணம் சொல்லணும்னு அப்படியே திரும்பிட்டேன். அன்னிலேர்ந்து நானும் உங்க பக்கம் காட்டறதில்ல. அவன் எங்க பக்கம் காட்டறதில்ல."

கராபெத் துருக்கியில் மாற்றிச் சொல்லச் சொல்ல, உல்ஃபெத் மாவுக் கையோடு சுவரில் சாய்ந்துவிட்டாள். "அப்ப இத்தனை வருஷமா பிசியோதெரபி?"

"விரலுக்கு நல்ல பயிற்சிதான்" என்றார் அவள் அப்பா.

"கால் உடைஞ்சதும் ஒரு போன் பண்ணியிருக்கலாமே மாமா" என்றான் கராபெத்.

"எந்த நம்பருக்கு? அவன் மகன் ராத்திரி போனை நோண்டுவானாம். எங்களுக்குப் போன் கிடையாது. சனிக்கிழமைதான் உண்டு."

தெக்லா பையிலிருந்து ஒரு விதையை எடுத்தாள். வாயில் போடவில்லை. விரல்களுக்கு நடுவே வைத்துக்கொண்டே நின்றாள். கராபெத்துக்கு அந்த நிலை தெரியும். குறுக்கே பேசினால் அடி விழும்.

"மாமா, நீங்க காபி எப்படிக் குடிப்பீங்க?"

"சர்க்கரை இல்லாம. அந்தக் கழுதைதான் பாகு குடிப்பான். ஏன்?"

தெக்லா மெதுவாகக் கராபெத் பக்கம் திரும்பினாள். "மசக்கைன்னியே."

அவனுக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்புறம் புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டான். ஒரு தலை, ரெண்டு கோப்பை!

"இந்த ஊர்ல பொறந்தவன் மட்டுமே செய்யற தப்பு இது" என்றாள் தெக்லா. அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்திருந்தது. "ஒருத்தன் காணாமப் போனா, இந்தப் பக்கம் இல்லேன்னா அந்தப் பக்கம். நம்ம மண்டைக்குள்ளயும் கோட்டைப் போட்டு வெச்சிருக்காங்கடா. நடுவுல ஒரு இடம் இருக்குங்கறதே உறைக்கலை. அவங்கவங்க கூண்டைத் தாண்டி, எதிர்க் கூண்டைத் தொடாம, ரெண்டு பேரும் நடுவுல உக்காந்திருக்காங்க. நாம அந்தாளு முதுகுக்குப் பின்னாடியே நடந்து வந்தோம்!"

"நேத்து சாயங்காலம் கிளம்பி வீட்டுக்குப் போயிருக்கலாமே?" என்றாள் உல்ஃபெத்.

கட்டிலில் இருந்தவருக்குக் காரணம் தெரியும். அவர் கத்தினார்.

"பலகையைத் திருப்பாம எப்படிப் போவான்! எடு என் சட்டையை!"

"அப்பா, டாக்டர் அசையக்கூடாதுன்னார்!"

"டாக்டர் தாவ்லி ஆடுவாரா? இல்லேல்ல? சட்டையை எடு!"

* * *

சக்கர நாற்காலி கிடைக்கவில்லை. பக்கத்து இன்டர்நெட் கடையிலிருந்து சுழல் நாற்காலி ஒன்றைக் கடன் வாங்கினார்கள். கராபெத் தள்ளினான். உல்ஃபெத் மாவுக்கட்டுக் காலைத் தாங்கிப் பிடித்தபடி வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். வட கூண்டின் இளைஞன் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "எங்க போறீங்க?" என்றான்.

"பிசியோதெரபிக்கு" என்றார் ஃபெரிதுன்.

எலுமிச்சை மரத்தடியில் வெள்ளைத் தலை அப்படியேதான் இருந்தது. மேஜை மேல் மடக்கிய பலகை. சர்க்கரை இல்லாத கோப்பை தொடப்படாமல் ஆறிக் கிடந்தது. சக்கரச் சத்தம் கேட்டு யக்கூமிஸ் திரும்பினார். கண் சிவந்து, தாடி முளைத்து, சட்டை கசங்கி இருந்தது. ராத்திரி கடைப் பெண் உள்ளே சோபாவில் படுக்கப் போர்வை கொடுத்தாளாம்.

அவர் ஃபெரிதுனை மேலும் கீழும் பார்த்தார். "நேத்து வரலை."

"கால் போச்சு."

"எந்தக் கால்?"

"வலது."

"நீ ஆடறது கையாலதானே?"

"வாயை மூடிட்டுக் காயை அடுக்கு."

யக்கூமிஸ் பலகையை விரித்தார். அவசரத்தில் காய்கள் உருண்டன. "செத்துட்டியோன்னு நெனச்சேன்டா" என்றார், தலையை நிமிர்த்தாமல். "ரெண்டு தடவை அந்தச் சன்னல் வரைக்கும் போயிட்டேன். அட்டையைக் கையில எடுத்துட்டேன். உனக்காகக் காட்டியிருப்பேன்."

ஃபெரிதுன் மேஜையில் ஓங்கி அடித்தார். கோப்பை துள்ளியது. "காட்டியிருந்தா உன் மூஞ்சியில முழிச்சிருக்கமாட்டேன்! காட்டாதவங்க நாம ரெண்டு பேர்தான்டா இந்த ஊர்ல மிச்சம்!"

கராபெத் ஜோக் ஒன்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தான். அன்றைக்கென்று ஒன்றும் வரவில்லை.

தெக்லாதான் ஜீனோனுக்குப் போன் செய்தாள். "கிடைச்சுட்டார். நல்லா இருக்கார். லெட்ரா ஹோட்டல் கூண்டுக்கு வாங்க. தனியா வாங்க."

அவன் தனியாக வரவில்லை. கொடி, மைக், மூன்று டி.வி. காமிரா, பின்னால் பாதிக் கூட்டம். தென் கூண்டின் கோட்டில் வந்து நின்றான். தெக்லா நடந்து போய் அவன் எதிரில் நின்றாள்.

"எங்க எங்கப்பா?"

"அதோ, மரத்தடியில. உள்ள வாங்க."

ஜீனோனின் கால் முன்னே வந்தது. உடனே பின்னால் போனது. அவன் மேடையில் தினமும் முழங்குவது 'இந்தக் கோட்டைத் தாண்டி ஓர் அடிகூட வைக்கமாட்டேன்' என்பதுதான். காமிராக்கள் அவன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நீங்க போய் இழுத்துட்டு வாங்க" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "வண்டி ரெடியா இருக்கு. இப்படியே லார்னகா."

"கண்டுபிடிக்கத்தான் என்னைக் கூப்பிட்டீங்க. இழுக்கறதுக்கு வேற ஆள் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தெக்லா திரும்பி நடந்தாள்.

மரத்தடிக்கு வந்து, நடந்ததை அப்படியே யக்கூமிஸிடம் சொன்னாள். முதியோர் இல்லம், கடல் பார்த்த அறை, காத்திருக்கும் வண்டி, எல்லாம். கிழவர் பகடையை உள்ளங்கையில் குலுக்கியபடியே கேட்டுக்கொண்டார்.

"காமிரா வந்திருக்கா?"

"மூணு."

"நல்லது" என்றார். உருட்டினார்.

ஆட்டம் அவர் கையில் இருந்தது. கராபெத் தாவ்லியில் பிறந்து வளர்ந்தவன். பலகையைப் பார்த்தாலே தெரியும். இன்னும் ஓர் உருட்டு, ஃபெரிதுன் காலி. பகடையில் விழுந்ததும் வேண்டிய எண்தான். யக்கூமிஸ் காயைத் தூக்கினார். எங்கே வைக்கவேண்டுமோ அங்கே வைக்காமல், துணைக்கு ஆளில்லாத மூலையில் தனியாக விட்டார். கராபெத் வாயைத் திறந்தான். முழங்காலில் தெக்லாவின் ஷூ வந்து மோதியது.

ஃபெரிதுன் அந்தக் காயை அடித்தார். ஜெயித்தார். பலகையைப் பட்டென்று மூடி, நண்பனின் அக்குளில் சொருகினார். "போ, போய்க் கத்துக்கிட்டு வா!"

"அடுத்த சனிக்கிழமை" என்றார் யக்கூமிஸ்.

பலகையை இடுக்கிக்கொண்டு அவர் தென் கூண்டை நோக்கி நடந்தார். தலை நிமிர்ந்திருந்தது. காமிராக்கள் மொய்த்தன. கூட்டத்தில் முதலில் பலகையைப் பார்த்தவன் காபிக் கடை பம்போஸ். "ஐயோ, மாமா தோத்துட்டாரு!" என்று கத்தியேவிட்டான்.

"எங்கே போயிருந்தீங்க?" ஒரு மைக் மூக்கருகே வந்தது.

"விளையாட. இன்னும் எவனுக்கும் காகிதம் காட்டலை. இனியும் காட்டமாட்டேன்." கிழவர் மகனின் தோளில் கை போட்டார். "என் மகன் சொன்னான், 'உங்களை எங்கயும் அனுப்பமாட்டேன்பா, உங்க வீட்டுலயே இருங்க'ன்னு. தங்கமான பிள்ளை."

கூட்டம் கைதட்டியது. ஜீனோன் பற்களைக் காட்டினான். வேறு என்ன செய்ய முடியும்?

"கையெல்லாம் வலிக்குதுடா. இதைக் கொஞ்சம் பிடி." யக்கூமிஸ் பலகையை எடுத்தார். மகனின் கையைத் தூக்கி, அக்குளில் சொருகி, மெல்லத் தட்டிக் கொடுத்தார்.

பம்போஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கூட்டம் முழுக்கச் சிரிப்பு பரவியது. கொடி பிடித்தவன் சிரித்தான், கூண்டில் இருந்த போலீஸ்காரன் சிரித்தான், காமிரா குலுங்கியது. சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்ட ஜீனோன் பலகையை இன்னும் நன்றாக இடுக்கி, மார்பை நிமிர்த்தி, மூன்று காமிராவுக்கும் திரும்பித் திரும்பிக் காட்டினான்.

"இது எங்கப்பா எனக்குக் கொடுத்தது. நான் விடமாட்டேன்!" என்று முழங்கினான்.

"பாஸ், போஸ்டரை மாத்தி அடிக்கணும். பையன் காட்டிட்டான்" என்றான் கராபெத்.

யக்கூமிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பம்போஸின் காரை நோக்கி நடந்தார். கதவைத் திறந்தவர் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"பத்திரமா வெச்சிரு. சனிக்கிழமை எனக்கு அது வேணும்."